டெல்பெர்ட்டுக்கு வண்டி, ட்வைலாவுக்குக் குழி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. வெட்கப்பட இடமில்லை. புயலறைக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது காதை எங்கே கழற்றி வைப்பது?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த ஏப்ரலில் வடக்கே டகோட்டாவில் பனி கொட்டியது, தெற்கே டெக்சஸில் புழுதி எழுந்தது, நடுவே ஓக்லஹோமாவில் நாங்கள்..." அடித்துவிட்டேன். தேசம் முழுக்க அளந்துகொண்டிருந்தால் டெல்பெர்ட் எப்போது வருவது?

2

டெல்பெர்ட், என் பக்கத்து வீட்டு ட்வைலாவின் முன்னாள் கணவர். விவாகரத்தில் அவருக்குப் பிக்கப் வண்டி, அவளுக்கு வீடும் குழியும். (குழி என்றால் முற்றத்தில் புதைத்த புயலறை. இரும்புக் கதவு.) கோபித்துக்கொண்டு போனவர் எதிர்வீடு வரைதான் போனார். இது என்ன போக்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். அவரிடம் இல்லை, மற்ற எல்லாரிடமும்.

"அந்த ஆளு காலு இனி என் குழியில படாது." தேவாலய விருந்தில், உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறிக்கொண்டே ட்வைலா சொன்னது. அதன்பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

3

எங்கள் ஊரில் சனிக்கிழமை நண்பகலில் அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். யாரும் தலைதூக்குவதில்லை. ஆனால் வானம் கெட்டிருந்தால் சோதனை கிடையாது, ஊதினால் நிஜம்.

அன்று சனிக்கிழமை. வானம் பச்சை பிடித்திருந்தது, சூறாவளிக்கு முன்னால் வருகிற நிறம். சரியாகப் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது. நானும் ட்வைலாவும் குழிக்குள் இறங்கிவிட்டோம். கதவிடுக்கில் பார்த்தால், எதிரே டெல்பெர்ட் ஆலங்கட்டிக்குப் பயந்து வண்டிக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கிறார்.

"ஏன் இந்த ஆளு ஓடல?"

"சோதனைன்னு நெனச்சுட்டாரு போல," என்றேன்.

"நெனச்சுக்கட்டும்."

(இங்கே அவளுடைய மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அவள் அதற்குள் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.)

"யோவ் டெல்பெர்ட், சங்கு காதுல விழலையா?"

"மணி பன்னெண்டு. சோதனை ஊதுறாங்க."

"மேல பாருய்யா. இந்த வானத்துல எவன் சோதனை பண்ணுவான்?"

அவர் மேலே பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"போர்வை பறந்துருமே."

"நீ பறந்துருவ. வா."

4

முடிவு ஒன்று: சூறாவளி வண்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊர்த் தேவாலயத்தின் மேல் நிறுத்தியது. அழகான முடிவுதான். நடக்கவில்லை.

முடிவு இரண்டு: இருவரும் கைகோர்த்து அழுது... ட்வைலா படித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

நடந்தது: சூறாவளி வடக்கே கோதுமை வயல் வழியாகப் போய்விட்டது. எங்களுக்கு எலுமிச்சை அளவு ஆலங்கட்டி. மேலே விழுந்த ஒவ்வொரு அடிக்கும் குழிக்குள் டெல்பெர்ட் முகம் சுளித்தார்.

"வண்டி போச்சு."

"உனக்கு எப்பவும் வண்டிதான் முதல்ல."

அவர் மேலே கையைக் காட்டினார்.

"இப்ப அது வெளிய நிக்குது. நான் உள்ள இருக்கேன்ல?"

ட்வைலா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆலங்கட்டி விட்டுருச்சு. உன் அடுப்புல ஏதோ இருக்குல்ல, போய்ப் பாரு," என்றாள்.

அடுப்பில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஏறி வந்தேன். பின்னால் இரும்புக் கதவில் உள்ளேயிருந்து தாழ் விழுந்தது. வெயில் வந்த பிறகும் அது திறக்கவில்லை. அருகில் போய்க் குனிந்து காதை வைத்துப் பார்த்தேன்; ஒரு சொல்கூடக் கசியவில்லை.

ஆகவே முடிவை நீங்கள்தான் சொல்லவேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள். தெருவில் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.