ஒட்டுத் தெரியாத கப்பல்கள்

தம்பி கட்டுகிற கப்பல்கள் எல்லாம் வானத்தில் போகிறவை. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விண்கப்பலை அதில் போட்ட படத்தின்படி கட்டினால் அவனுக்குத் தூக்கம் வராது. போர்க்கப்பலின் எஞ்சினைப் பிடுங்கிச் சரக்குக் கப்பலில் வைப்பான். பொருந்தாத மூலையை அரத்தால் ராவி, பசை பூசி, வண்ணமடித்து அக்காவிடம் நீட்டுவான்.

"எங்க ஒட்டினேன், சொல்லு பாப்போம்?"

அக்கா ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. முப்பது வயசுக் கழுதைக்கு விளையாட்டைப் பார் என்று திட்டுவாள். உள்ளுக்குள் பெருமை பிடிபடாது. அந்தப் பெருமையில்தான், தான் தலைமை மெக்கானிக்காக இருந்த படகுப் பட்டறையில் அவனைச் சேர்த்துவிட்டாள்.

போன வாரம் பயணிகள் படகின் டீசல் பம்ப் பழுதானது. சரியான பம்ப் கிடைத்ததா என்று அவள் கேட்டாள். "கச்சிதமா உக்காந்துச்சுக்கா" என்றான். அவளும் நம்பித் தொலைத்தாள். மறுநாள் ஆளேற்றப் போன வெறும் படகு நடு ஆற்றில் எஞ்சின் நின்று, வெள்ளம் இழுத்துப் போய்ப் பாலத்தூணில் மோதியது. படகோட்டி பிழைக்கவில்லை. தூங்கியிருப்பான் என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது.

இன்று மீட்ட எஞ்சினைப் பட்டறை மேசையில் வைத்துச் சோதித்தார்கள். படகோட்டியின் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"அவரு தூங்குற ஆளில்ல சார். அதை மட்டும் யாராவது சொல்லுங்க."

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி பம்பைத் தடவிப் பார்த்தார். "பம்ப் சரியானதுதான். ஓட்டினவர் தப்புன்னு எழுதிடலாமா?"

அக்கா குனிந்தாள். தப்பான பம்பை மாட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் இரும்பில் மூக்கு மாதிரி ஒரு முனை வைத்திருப்பார்கள், எஞ்சினுக்கு எஞ்சின் வேறு இடத்தில். இதில் மூக்கு சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் கம்பெனியில் வார்த்த மூக்கு சொரசொரவென்று இருக்கும். இது ஓரமெல்லாம் இழைத்து, அத்தனை அழகாக இருந்தது. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பேசாமல் அதிகாரியின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பெற்றவர்கள் போனபின் அவள் வளர்த்த பிள்ளை அவன். வாசலில் நின்றவளோ இன்னும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கத்தியை மூக்கின் அடியில் கொடுத்து நெம்பினாள். பட்டென்று கையோடு வந்தது.

அதிகாரி திடுக்கிட்டார். "யாரு வேலை இது?"

"என் தம்பி. இது வேற எஞ்சின் பம்ப், டீசல் சரியா போகாம எஞ்சின் நின்னிருக்கும். மூக்கை ராவிட்டு, இந்தப் பக்கம் ஒட்டியிருக்கான்." வாசல் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தம்பி கிட்டே வந்தான். "நீ சொல்லலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேக்கா."

"தெரிஞ்சிருக்காதுடா" என்றாள். "அவ்வளவு நல்லா பண்ணியிருக்கே."