முயலைப் பாராத நாய்

நாயை யாரும் எங்களிடமிருந்து பறிக்கவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆடி மாதம் கட்டைக்காட்டுப் பக்கம் ஆமி வந்து இறங்கியபோது உடுத்த உடுப்போடு ஓடி வந்தோம். நான், என் மனிசன் கிறகோரி, எங்கள் நாய் சோழகன். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. வள்ளமும் வலையும் கரையிலேயே கிடந்துபோயின. பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தை அகதி முகாமாக்கி, ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம் என்று எங்களை விட்டார்கள். நாய்க்கு அங்கே இடமில்லை. முகாமின் நிவாரணக் குழுவுக்குத் தலைவர் நோர்மன் மாஸ்ரர். ஓய்வுபெற்ற வாத்தியார், மெதடிஸ்த சபையில் பெரிய ஆள்.

"நாயை நான் வளர்க்கிறன் பிள்ளை. நீங்கள் ஊருக்குத் திரும்பேக்கை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

தங்கமான மனிதர் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

சோழகன் சும்மா வீட்டு நாய் இல்லை. முல்லைத்தீவுப் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவருக்கு ஒரு சாக்குக் கருவாடு கொடுத்துக் கிறகோரி வாங்கி வந்த குட்டி. நெடிய கால், ஒட்டிய வயிறு, ஒடுங்கிய மூஞ்சி. தாயும் முயல் பிடித்தது, தாயின் தாயும் முயல் பிடித்தது. மாரியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க முடியாத நாட்களில் கிறகோரி அவனைக் கூட்டிக்கொண்டு மணற்பிட்டிகளுக்குப் போவார். பற்றைக்குள்ளிருந்து முயல் எழும்பினால் போதும். குரைப்பும் இல்லை, உறுமலும் இல்லை, ஒரே ஓட்டம். சோழகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு போவது மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பிடித்ததைத் தின்ன மாட்டான். கொண்டுவந்து கிறகோரியின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பான். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவன்கூட அப்படிப் பெருமையாகப் பார்க்க மாட்டான்.

முகாமில் கிறகோரி பாயில் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார். கடலுக்குப் போகத் தடை. மீறிப் போனால் நேவி சுடுவான். பதினாலு வயதில் வள்ளம் வலிக்கத் தண்டு பிடித்த கை, நிவாரண அரிசிக்குப் பை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. மலேரியாவாக இருக்கும் என்று பக்கத்துப் பாய்க்காரர்கள் சொன்னார்கள். என்ன மலேரியா! அந்த மனிதனுக்குக் கடல் வேண்டும், இல்லையென்றால் நாயாவது வேண்டும். கடலை என்னால் கொண்டுவர முடியாது. நாய் அரை மைல் தூரத்தில், மாஸ்ரர் வீட்டில் நின்றது.

மார்கழியில் என் ஆக்கினை பொறுக்காமல் எழுந்து போய் மாஸ்ரரிடம் கேட்டார். ஒரேயொரு நாளைக்கு, மணற்காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வர. போன வேகத்தில் திரும்பி வந்து மறுபடி பாயில் விழுந்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"உயிரைக் கொல்லப் பழக்குறது பாவமாம். தான் அவனைத் திருத்திக்கொண்டு வாறாராம். இடையிலை குழப்ப வேண்டாமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? படிச்ச மனிசன்."

அன்று முழுக்கப் பானை சட்டியோடு சண்டை பிடித்தேன். மீன்பிடிகாரனைப் பார்த்துக் கொல்வது பாவம் என்று சொல்ல ஒரு வாய் வேண்டுமே! ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டுப் படலையில் மீன்காரி நிற்பதை ஊரே பார்க்கும். அந்த மீனெல்லாம் நோய்வாய்ப்பட்டுச் செத்தவை போலும்.

மாசியில் மாஸ்ரரின் சபையில் சிறுவர் விழா. முகாமிலிருந்த எங்களையும் அழைத்திருந்தார்கள். பனங்கட்டியோடு தேத்தண்ணி, ஆளுக்கொரு வாய்ப்பன். வாய்ப்பனுக்காக நான் போகவில்லை. நாயையும் மேடைக்குக் கொண்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். கிறகோரியையும் சேர்ட்டுப் போட வைத்து இழுத்துக்கொண்டு போனேன்.

பாட்டு, கவிதை, பரிசளிப்பு எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு காட்சி. பகை மறந்த மிருகங்கள் ஒன்றாகப் படுத்திருக்கும் சமாதான உலகமாம். திரை விலகியது. கடதாசிச் சிறகு கட்டிய பிள்ளைகள் அரைவட்டமாக நின்றார்கள். நடுவில் என் சோழகன். கழுத்தைச் சுற்றித் தென்னந்தும்பால் பிடரிமயிர் கட்டிச் சிங்கமாக்கியிருந்தார்கள். வயிறு ஊதி, கால்கள் தளர்ந்து, தின்று தின்று பெருத்த ஒரு சாமான் அங்கே படுத்திருந்தது. எனக்கு அடையாளம் பிடிக்கவே ஒரு நிமிடம் எடுத்தது.

மாஸ்ரர் மேடையில் ஏறினார். கையில் ஒரு மெல்லிய பூவரசந்தடி.

"இது ஒரு வேட்டை நாய். பிறவியிலேயே கொலைகாரன். ஏழு மாதம் அன்பாலை பழக்கினம். இப்ப பாருங்கோ. பிறின்ஸ்!"

பிறின்ஸாம்! மாஸ்ரரின் மனைவி ஐரிஸ் ரீச்சர் ஒரு வெள்ளை முயலைத் தூக்கிக்கொண்டு வந்தா. முகாம் பிள்ளைகளின் சத்துக்கென்று யாரோ கொடுத்து, மாஸ்ரரின் பின்வளவில் கூடு கட்டி வளர்த்த முயல்கள் அவை. ஒரு பிள்ளையின் வாயிலும் ஒரு துண்டு போனதாக நான் காணவில்லை. முயலை நாயின் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் இருத்தினா.

சோழகன் முயலைப் பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். உடம்பு முழுக்க நடுங்கியது. தும்புப் பிடரியும் சேர்ந்து நடுங்கியது. சனம் கை தட்டியது. அப்போதுதான் அவனுடைய மூக்குத் தண்டைக் கண்டேன். மயிர் முழுக்கப் போய், தழும்பின் மேல் தழும்பாகத் தடித்திருந்தது.

நான் எழும்பினேன். கிறகோரி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சை பார், பேசாமல் இரு."

"நீங்கள் இருங்கோ. இருந்து இருந்து பழகிப்போச்சுத்தானே உங்களுக்கு."

மேடைக்கு ஏறிப் போனேன். சிறகு கட்டிய பிள்ளைகள் விலகி வழி விட்டன.

"மாஸ்ரர், உவன்ரை மூக்கிலை என்ன?"

"அற்புதராணி, விழா நடக்குது. பிறகு கதைப்பம்."

"இப்பவே கதைப்பம். மூக்கிலை என்ன?"

"அடிச்சதில்லைப் பிள்ளை. முயலைப் பார்க்கிற நேரம் மாத்திரம் மெல்லத் தட்டினது. மிருகத்துக்குப் புரிய வேறை வழி இல்லை."

"எங்கை கட்டி வைச்சனீங்கள்?"

ஐரிஸ் ரீச்சர்தான் மறுமொழி சொன்னா. "முயல்கூட்டுக்குப் பக்கத்திலைதான். பழக வேணுமெல்லே? அவன் எங்கடை பிள்ளை மாதிரி. நாங்கள் சாப்பிட முதல் அவனுக்குத்தான் சோறு."

ஏழு மாதம்! முயல் பிடிக்கவே பிறந்த நாயை முயல்கூட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டி, மூச்சு இழுத்தால் முயல் மணம், கண் திறந்தால் முயல், பார்த்தால் மூக்கில் தடி. சோறு தின்னக் கொடுத்துச் செய்த கொடுமை. பட்டினி போட்டிருந்தால்கூட என் வயிறு இப்படி எரிந்திருக்காது.

"மாஸ்ரர், உங்களுக்குச் சமாதானம் வேணுமெண்டால் மேலை சுத்துற ஹெலிக்குப் போய்ச் சொல்லுங்கோ. கடலிலை சுடுறவனுக்குச் சொல்லுங்கோ. உந்த வாயில்லாச் சீவனைப் பிடிச்சு அடிச்சுப்போட்டு உலகம் திருந்திட்டுது எண்டு பிள்ளையளுக்குக் காட்டுறியளோ? உவன் திருந்தேல்லை. பயந்துபோனான். வாத்தியாருக்கு அந்த வித்தியாசம் தெரியாதோ?"

மாஸ்ரரின் முகம் சிவந்தது.

"நாயைக் கொண்டுபோனால் முகாமிலை வைச்சிருக்க ஏலாது. அது சட்டம். முகாமை விட்டால் நிவாரண அட்டையும் போகும். யோசிச்சுக் கதை."

அதை நான் யோசிக்கவில்லை என்பது உண்மை. கோபத்தில் யோசிக்கிற பெண்ணாக நான் பிறக்கவில்லை. அட்டை போனால் அரிசி இல்லை, பருப்பு இல்லை. திரும்பிக் கிறகோரியைப் பார்த்தேன். என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மேடையில் ஏறி, குந்தியிருந்து, சோழகனின் கழுத்திலிருந்த தும்பை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். பிறகு சேர்ட்டுப் பையிலிருந்து நிவாரண அட்டையை எடுத்து மாஸ்ரருக்கு முன்னாலிருந்த பரிசு மேசையில் வைத்தார்.

அன்று பின்னேரமே நடந்து மணற்காட்டுக்குப் போனோம். கிறகோரியின் ஒன்றுவிட்ட தம்பி சிமியோன், வலை வைக்கிற கொட்டிலில் ஒரு மூலை தந்தான். சோழகன் பாதி வழியில் இளைத்துப் படுத்துவிட்டான். கிறகோரி தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஒரு மாதம் அவனை மணலில் நடக்க வைத்தார், பிறகு ஓட வைத்தார். சிமியோன் வீட்டில் கடன்பட்ட மாவில் கஞ்சி காய்ச்சி மூன்று பேரும் குடித்தோம். வயிறு மெல்ல மெல்ல ஒட்டி வந்தது, அவனுக்கும் எங்களுக்கும். ஆனால் அவனுக்கு எதிரே முயல் வந்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவன் ஓடாவிட்டால் அட்டையையும் விட்டு நாயையும் இழந்த மடையர் நாங்கள்தான்.

பங்குனியில் ஒரு நாள் காலை சவுக்கந்தோப்புக்கு அப்பால் போனோம். பனி இன்னும் காயவில்லை. கிறகோரி தடியால் பற்றையைத் தட்டினார். பத்தடி தூரத்தில் முயல் எழும்பியது. கொழுத்த முயல். வெட்டவெளி மணல். சோழகன் அதைக் கண்டான். உடம்பு விறைத்தது, காது நிமிர்ந்தது. அடுத்த நொடி தலையைத் திருப்பி, கண்ணை மூடி, மணலில் படுத்துவிட்டான்.

என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்ரை நாயை!

கிறகோரி கையிலிருந்த தடியைப் பார்த்தார். பிறகு அதைச் சுழற்றித் தூரத்தில் எறிந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஐம்பத்துமூன்று வயது மனிசன், ஏழு மாதம் பாயில் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிசன், முயலுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினார். "ஊய்! ஊய்!" என்று கத்திக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய, விழுந்து, எழும்பி ஓடினார். வேறு நேரமென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று நானும் "ஓடுங்கோ! ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

சோழகன் கண்ணைத் திறந்தான். தன் ஆள் தனியே ஓடுவதைப் பார்த்தான். எழும்பி நின்றான். ஒரு தரம் என்னைப் பார்த்தான்.

"போடா!" என்றேன்.

போனான். கிறகோரியைத் தாண்டி, பிட்டியைத் தாண்டிப் போனான். மணல் மட்டும் எழும்பித் தெரிந்தது. கிறகோரி மூச்சு வாங்கி முழங்காலில் இருந்துவிட்டார். நான் ஓடி அவரிடம் போனேன். நெடுநேரம் கழித்துப் பிட்டி மேல் சோழகன் தெரிந்தான். வாயில் முயல்.

நேரே வந்தான். கிறகோரிக்கு முன்னால் அதை வைத்தான். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை மூடி, அந்தத் தழும்பு மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். அடி வாங்க.

கிறகோரி தடவக் கை நீட்டினார். கையைக் கண்டதும் நாய் இன்னும் நடுங்கியது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே குனிந்து, தன் கன்னத்தை அவன் மூக்கில் வைத்துக்கொண்டு அழுதார். ஊரை விட்டு ஓடி வந்தபோதும் அந்த மனிசன் அழவில்லை.

மாஸ்ரர் நல்ல மனிதர் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். அதற்குப் பிறகு அந்தப் பிட்டிகளில் சோழகன் எத்தனையோ முயல் பிடித்தான், எங்கள் மூன்று பேரின் வயிறும் அதில்தான் நிறைந்தது. ஒவ்வொரு தரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு மூக்கை நீட்டினான். ஒவ்வொரு தரமும் கிறகோரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். பதினோராவது முயலுக்குத்தான் அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.