கார்புரேட்டரில் கடல் தண்ணீர்

1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் கனகலிங்கத்தின் பழைய மோரிஸ் மைனரில், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்க வேண்டிய இடத்தில் கடல் தண்ணீர் ஊறியது. மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். கிள்ளான் மேரு சாலையில் பட்டறை வைத்திருந்த அய்யாவு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றார். நம்பாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும், அவர்களும் வந்து நக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கனகலிங்கம் ரயில்வேயில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்து மனிதர், எதையும் வரிசைப்படி செய்கிறவர். அவருடைய ஒரே மகன் சண்முகரத்தினம், இருபது வயது, அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரோடு மோரிப் கடற்கரைக்குப் போய்க் குளிக்க இறங்கியவன் திரும்பவில்லை. ஆறு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட சாவுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, சாம்பலைக் கடலில் கரைப்பார்கள். அதுவரை வீட்டுக்குத் துடக்கு. சாமி விளக்கு ஏற்றக் கூடாது, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. உறவுக்காரர்கள் தர்ப்பையோடு வந்தபோது கனகலிங்கம் பானெட்டைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். "கார் ஏன் நிக்குது எண்டு முதல்ல பாக்கவேணும். மற்றதெல்லாம் பிறகு" என்றார். அந்தப் பிறகு வருவதற்குப் பதினோரு வருடம் ஆனது.

அய்யாவு செய்யாத வைத்தியம் இல்லை. டாங்கியை இறக்கிக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். பெட்ரோல் குழாயை மாற்றினார், பம்பை மாற்றினார், மிதவையையும் ஊசியையும் மாற்றினார். 1979இல் சிங்கப்பூரிலிருந்து வேறொரு கார்புரேட்டரே வந்தது. மாட்டிய மறுநாள் அதிலும் உப்புத் தண்ணீர். மலாய் மந்திரவாதி பொமோவிடம் காட்டு என்றார்கள் சிலர், பெற்றவளின் சாபம் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. 1981இல்தான் அய்யாவுக்கு விஷயம் பிடிபட்டது. கிள்ளான் துறைமுகத்தில் கடல் ஏறும்போது கிண்ணத்தில் தண்ணீர் ஏறுகிறது, அங்கே வற்றும்போது இங்கேயும் வற்றி, பெட்ரோல் வருகிறது. அன்றுமுதல் கனகலிங்கம் கடல் ஏற்றவற்ற அட்டவணையைச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்துக் காய்கறி வாங்கப் பாசாருக்கும் பல் வைத்தியரிடமும் போய் வந்தார். 1983இல் ஒரு நாள் கிண்ணத்துக்குள் உயிரோடு ஒரு சின்ன இறால் கிடந்தது. அய்யாவு அதைப் பால் டின்னில் எடுத்துப்போய்த் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தார். ஆனாலும் பழுது எங்கே என்று தெரியாமல் கனகலிங்கம் விடுவதாக இல்லை. சனிக்கிழமை தவறாமல் வண்டி பட்டறைக்கு வந்தது.

அவர் மனைவி குணபூசணி அழுது முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அழுகை தீர்ந்த பிறகு வருகிற மரத்த நிலையில் சமைத்தார், துவைத்தார், மகனுடைய சட்டைகளை வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு எடுத்தார். கந்தசாமி கோயில் தேர் வரும் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சொந்தத் தங்கை மகளின் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. துடக்கு வீட்டுக்காரியை யார் கூப்பிடுவார்கள்? 1987இல் ஒரு புதன்கிழமை அவர் தனியே பஸ் ஏறி மேரு சாலைப் பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, கார் சரியாகிட்டுது எண்டு அவரிட்ட ஒரு பொய் சொல்லுவீரோ? நான் சாக முன்னம் பிள்ளைக்கு அந்தியேட்டி செய்யவேணும்."

அய்யாவு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "பொய் சொன்னா மறுநாளே வண்டி நின்னு காட்டிக் குடுத்துரும்மா. உள்ளதைச் சொல்லிப் பாக்குறேன்."

சனிக்கிழமை சொன்னார். "ஐயா, பதினோரு வருசமா கழட்டி மாட்டியாச்சு. வண்டியில பழுது ஒண்ணும் இல்ல லா. தண்ணி வரத்தான் செய்யும். இனிமே நான் இதைத் தொடமாட்டேன்."

கனகலிங்கம் குனிந்து கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "கேஸ்கெட் சரியாப் போட்டிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார். போட்டாச்சு என்றார் அய்யாவு. வீட்டுக்குப் போனவர், குருக்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார்.

அடுத்த மாதம் கடல் வற்றியிருந்த ஒரு காலையில் மோரிஸ் மைனர் மோரிப் போய்ச் சேர்ந்தது. தர்ப்பை உருவத்தை எரித்தார்கள். அந்தியேட்டியையும் அன்றே முடித்துச் சாம்பலைக் கரைத்தார்கள். உறவுக்காரர்களும் குருக்களும் வேறு கார்களில் வந்து வேறு கார்களில் போய்விட்டார்கள். எல்லாம் முடிவதற்குள் கடல் ஏறிவிட்டது. கனகலிங்கம் சாவியைத் திருகினார். எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. துடக்கு கழிந்தும் தண்ணீர் போகவில்லை. அவர் பானெட்டைத் திறக்க இறங்கவில்லை. பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அண்டைக்கும் இது இங்கதான் நிண்டது" என்றார் அவர். "நான் கிண்ணத்தைக் கழட்டிக்கொண்டு நிண்டனான். அப்பா, உதவிக்கு வரட்டோ எண்டு கேட்டவன். வேண்டாம், நீ போய்க் குளி எண்டு நான்தான் அனுப்பினனான்."

குணபூசணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் சொன்னது அண்டைக்கே எனக்கும் கேட்டதுதான்" என்றார்.

கடல் வற்ற இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. இருவரும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.