எச்சரிக்கை கேட்டவன் மனைவி

எழுபத்தேழாம் வருஷப் புயல் கோட்டுச்சேரிமேட்டில் பாதிக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, வைரக்கண்ணு காரைக்கால் கடைத்தெருவில் முகைதீன் பிச்சை கடைக்குப் போய் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வந்தான். அன்றிலிருந்து, வானிலை அறிக்கை வாசிக்கும்போது அவன் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டால் மறுநாள் அவனுடைய கட்டுமரம் மணலை விட்டு நகராது.

பக்கத்து வீடு அவன் தம்பி அஞ்சப்பனுடையது. அஞ்சப்பனுக்கு ரேடியோவில் நம்பிக்கை கிடையாது. விடியும்போது கரையில் நின்று வாடையா கொண்டலா என்று காற்றைப் பார்ப்பான். போகலாம் என்று தோன்றினால் தன்னுடைய சின்னக் கட்டுமரத்தைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

முதல் எச்சரிக்கையில் வந்த புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது. ஊரே கரையில் உட்கார்ந்திருந்த அன்று, அஞ்சப்பன் ஒருவன் மட்டும் மரம் நிறைய வஞ்சிரத்தோடு வந்தான். மீனுக்கு அவன் சொன்னதுதான் விலை. அடுத்த எச்சரிக்கையிலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த தடவை மழைகூடப் பெய்யவில்லை. அந்தத் தை மாதத்தில் அவன் மனைவி தையல்நாயகியின் மூக்கில் ஏழுகல் பேசரி ஏறியது.

தையல் தண்ணீர்க் குழாயடிக்கு வரும்போது அந்தக் கற்கள் வெயிலில் மின்னும். வைரக்கண்ணுவின் மனைவி சௌந்தரவல்லிக்கு அதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓசையோடு வைப்பாள்.

"என்னத்துக்கு இந்தச் சத்தம்?" என்பான் வைரக்கண்ணு.

"ஒங்க தம்பியும் அதே கடல்லதான் போறாரு."

"அவனுக்குத் தப்பிச்சுப் போவுது."

"நமக்கு மட்டும் தப்பாதா? ரேடியோவுல எவனோ சொன்னா இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்குறீங்க. ஊருல எல்லாரும் சிரிக்கிறாங்க."

ஊரில் எல்லாரும்தான் கரையில் இருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். வைரக்கண்ணு வலைக் கண்ணிகளைத் தைத்துக்கொண்டிருந்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த அஞ்சப்பன் வெறும் வலையோடு வரட்டும் என்று அவள் நினைத்தாள். கோயிலில் கும்பிட்டு நிற்கும்போதுகூட அந்த நினைப்பு வந்துவிட்டது.

கார்த்திகையில் மறுபடி அறிக்கை வந்தது. தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுத்து நகர்கிறது என்றார்கள். காரைக்கால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாக மார்க்கெட்டுக்குப் போய் வந்த பெண்கள் சொன்னார்கள். விடியும் நேரம் கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. அஞ்சப்பன் மரத்தைத் தள்ளினான். வைரக்கண்ணு ஓடிப்போய் முன்னால் நின்றான்.

"வேணாம்டா. இந்தத் தடவை நம்ம பக்கம்தான் வருதுங்குறாங்க."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க அண்ணே. மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்."

தள்ளி நின்ற சௌந்தரவல்லி, தன் புருஷன் வழிவிட்டு ஒதுங்குவதைப் பார்த்தாள். இன்றைக்கும் மீன் வரும், பேசரிக்குத் துணையாகத் தோடு வரும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மத்தியானத்துக்கு முன்பே காற்று வந்துவிட்டது. மணல் பறந்தது. தென்னை மட்டைகள் அறுந்து விழுந்தன. கட்டுமரங்கள் கட்டியிருந்த மேடு வரைக்கும் அலை ஏறியது. ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குள் போய் அடைந்துகொண்டது. தையல் மட்டும் பள்ளிக்கூட வாசற்படியை விட்டு நகரவில்லை. சௌந்தரவல்லிதான் அவளை இடுப்போடு பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

காற்று அடங்கியதும் வைரக்கண்ணு தம்பியைத் தேடிப் புறப்பட்டான். பாதை உடைந்து பஸ் ஓடவில்லை. கரையோடு தெற்கே நடந்தான். பட்டினச்சேரியில் விசாரித்தான். நாகப்பட்டினத்தில் விசாரித்தான். வேளாங்கண்ணி தாண்டியும் போகிறான் என்று எதிரே வந்தவர்கள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது.

சௌந்தரவல்லி பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். கஞ்சியைக் கரைத்துத் தையலின் கையில் கொடுப்பாள். அது ஆறிப்போய்க் கிடக்கும். தான் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டதோ என்று பயந்தாள். யாரிடம் சொல்வது? தையலின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். அது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

"அக்கா, ஒன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்," என்றாள் தையல் திடீரென்று.

"என்னையா?"

"மாமா ரேடியோவக் கேட்டுட்டுத் தின்னுட்டுப் படுத்துடுவாங்க. நீயும் நிம்மதியாத் தூங்குவ. நான் இவரு போன நாளெல்லாம் அடிவயித்தப் புடிச்சிக்கிட்டு அலையப் பாத்துக்கிட்டே கெடப்பேன். பேசரி வேணும்னு நானா கேட்டேன்?"

சௌந்தரவல்லி பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

கோடியக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் வைரக்கண்ணு தம்பியைக் கண்டுபிடித்தான். மரத்தோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மிதந்தவனை அந்த ஊர்க்காரர்கள் கரைக்குத் தூக்கிவந்து காப்பாற்றியிருந்தார்கள். உள்ளங்கைத் தோல் முழுதும் உரிந்திருந்தது. அண்ணன் அவனைத் தோளில் சாய்த்துக் கிடைத்த லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். மேட்டில் இறங்கியதும் தையல் ஓடிவந்து புருஷன் காலைக் கட்டிக்கொண்டாள். சௌந்தரவல்லியும் அழுதாள். அது பொய் அழுகை இல்லை.

ஆனால் மறுநாளே ஊர் அஞ்சப்பன் வீட்டு வாசலில் கூடிவிட்டது. திருநள்ளாற்றிலிருந்துகூட உறவுக்காரர்கள் வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். கட்டுப்போட்ட கைகளை ஆட்டி ஆட்டி அஞ்சப்பன் கதை சொன்னான். ஒவ்வொரு தடவையும் அலை ஒரு முழம் உயர்ந்தது. சௌந்தரவல்லி எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த வீட்டில் அவள் புருஷன் வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு தனியாகக் கிடந்தான். போன பொறாமை பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்ததை அவள் உணர்ந்தாள்.

"இப்படி ஒரு தைரியம் யாருக்கு வரும்," என்றார் ஒரு பெரியவர்.

"கூண்டு ஏத்தியிருக்குன்னு தெரிஞ்சே போனதுக்குப் பேரு தைரியமா?" என்றாள் சௌந்தரவல்லி. கூட்டம் திரும்பிப் பார்த்தது. "இவரத் தேடிக்கிட்டுக் கோடியக்கரை வரைக்கும் நடந்த மனுஷன் அங்க படுத்திருக்காரு. அவரையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

தையல் தலை குனிந்துகொண்டாள்.

"அண்ணி சொல்றது சரிதான்," என்றான் அஞ்சப்பன். "மொதல்ல அங்க போங்க. நானும் வர்றேன்."

மொத்தக் கூட்டமும் வைரக்கண்ணு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் கண்ணை இறுக்க மூடித் தூங்குவதுபோல் கிடந்தான். பத்திரிகைக்காரர் அவனையும் ஒரு படம் எடுத்தார். அது பத்திரிகையில் வரவில்லை. சௌந்தரவல்லிக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. அவர்கள் வந்து நின்றதே போதுமாக இருந்தது.

அடுத்த மார்கழியில் எச்சரிக்கை வந்தபோது அண்ணன், தம்பி இரண்டு பேர் மரமும் மேட்டில் கிடந்தன. புயல் வேறெங்கோ போய்விட்டது. தெற்கே இருந்த குப்பத்திலிருந்து ஒருவன் மட்டும் கடலுக்குப் போய்க் கூடை கூடையாகக் காலா மீன் கொண்டுவந்தான். அவன் பெண்டாட்டி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டு வழியாக மார்க்கெட்டுக்குப் போனாள். கருவாட்டைக் காயவைத்துக்கொண்டிருந்த தையலும் சௌந்தரவல்லியும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"நடையப் பாரேன்க்கா அவளுக்கு," என்றாள் தையல்.

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்," என்றாள் சௌந்தரவல்லி.