திறந்திருந்த தெருவுக்கு ஓர் இரங்கல்

1

இந்தக் கதை ஒரு செவ்வாய்க்கிழமையில் பிறந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் என் பூசணிக்காய் ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன், நகரத்தின் கடலோரத் தெருவைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதப் போனேன். சிறு வயதில் விடுமுறைதோறும் அப்பா எங்களைத் தங்கவைத்த இடம் அது. பஸ்ஸை விட்டு இறங்கினால் தெரு நெடுகக் கதவுகள் சாத்திக் கிடந்தன. ஓர் ஆள் இல்லை. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. கால்மணி நேரம் நின்றுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். தலைப்பிலேயே தெருவைக் கொன்றுவிட்டு, மிச்ச நாலு பக்கமும் அதற்காக அழுதேன். பாராட்டுக் கடிதங்கள் மூட்டையாக வந்தன.

[கட்டுரையில் மூன்று நாய்கள். ஒன்று போதாது என்று பட்டது.]

தெரு சாகவில்லை. அன்று அவர்களுக்கு வார விடுமுறை. சனி, ஞாயிறு கூட்டம் அள்ளும். திங்கள் முழுக்க மணலைப் பெருக்கித் தள்ளி, படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடும் வேலை. செவ்வாய் எல்லோரும் ஒன்றாகக் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவார்கள். ஒருவர் திறந்துவைத்தால் பக்கத்துக் கடைக்காரருக்குத் தூக்கம் பிடிக்காது என்பதால், தெருவே கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

2

இனிக் கதையை ஆரம்பிக்க வேண்டும்.

'கடல் அன்று சாம்பல் நிறத்தில், யாரோ மறந்துவிட்டுப் போன'

வேண்டாம். இது பழைய வியாதி.

'விடுதிக்கார அக்கா விரிப்பை உதறினார்.'

இது நிஜம். என் முகத்துக்கு நேராகத்தான் உதறினார். அக்காவுக்கு அறுபது வயது. பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கு எதிரே பத்து அறை கொண்ட விடுதி. போன மாதம் கடிதம் போட்டு என்னை வரவழைத்தது அவர்தான்.

(இங்கிருந்து என்னைக் 'கட்டுரைக்காரர்' என்று படர்க்கையில் எழுதுகிறேன். திட்டு வாங்கும் இடங்களில் அது சௌகரியம்.)

கட்டுரைக்காரரை அக்கா உட்காரச் சொல்லவில்லை. அடுத்த விரிப்பை எடுத்தபடியே நடந்ததைச் சொன்னார். கட்டுரை வந்த வாரமே வருஷா வருஷம் வருகிறவர்கள் போன் செய்தார்களாம். அறை கேட்டு அல்ல, துக்கம் விசாரித்து. நான் இருக்கிறேன் என்று அக்கா சொன்னால், பாவம், மனசைத் தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். மூன்றாவது கடையில் புகைப்படம் எடுக்கிற 'சிரிங்க' அண்ணன் கதையைத்தான் கட்டுரைக்காரரால் தாங்க முடியவில்லை. யாரைக் கண்டாலும் சிரிங்க, சிரிங்க என்கிற மனிதர். கட்டுரையை இரண்டு தடவை படித்தாராம். தெருவே போய்விட்டதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாராம். கடையைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். கட்டுரையைப் படித்தபோது அவர் அந்தத் தெருவில்தான், திறந்த கடைக்குள்தான், உட்கார்ந்திருந்தார்.

இப்போது மிச்சம் அக்காவின் விடுதியும் இரண்டு கடைகளும். அதற்கும் வந்தது ஆபத்து. கடற்கரை வரை வரும் பஸ்ஸை வழியிலுள்ள பாலத்தோடு நிறுத்தப் போக்குவரத்து அலுவலகம் யோசிக்கிறது. மறுநாள் விசாரணை. கோப்பில் முதல் ஆதாரமாகச் சிவப்புக் கோடு போட்டு இணைத்திருப்பது அந்தக் கட்டுரையை.

"அழகா எல்லாம் பேச வேண்டாம் தம்பி," என்றார் அக்கா. "லீவு நாள்ல வந்து பாத்துட்டேன், தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி சொல்லுங்க. பஸ் நின்னுட்டா எனக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல."

கட்டுரைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார்.

3

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இந்தப் பகுதியில் வருகிறது.

மறுநாள் போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். கட்டுரையை மனப்பாடமே செய்திருந்தார். திருத்தத்தை அப்புறம் சொல்லலாம், முதலில் அதை எழுதியவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று கெஞ்சினார். கட்டுரைக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

படித்தார். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே குரல் கம்ம வேண்டுமோ அங்கே கம்மி, படித்தார். மூன்றாவது நாய் வந்தபோது தட்டச்சு செய்கிற அம்மா கைக்குட்டையை எடுத்தார். (படர்க்கை போதும். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: அந்தப் பத்து நிமிஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.)

முடித்துவிட்டுத்தான் அந்த ஒரு வரியைச் சொன்னேன். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த அடக்கம்தான் சார் உங்க எழுத்துக்கே அழகு," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பஸ் பாலத்தோடு சரி.

4

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அதிகாரி மனம் மாறிக் கோப்பைக் கிழிக்கிறார். எந்த அதிகாரி கோப்பைக் கிழித்திருக்கிறார்? நாலு பிரதி எடுப்பார். இன்னொன்றில் ஒரு பெரிய அலை வந்து தெருவையே கொண்டுபோகிறது. எழுதும்போது எனக்கே அழுகை முட்டியது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். அலுவலக வாசலில் அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் படிச்சீங்க," என்றார். "எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. என் வீடு திறந்திருக்குங்கறதே ஒரு நிமிஷம் எனக்கு மறந்துபோச்சு."

நாலடி நடந்து திரும்பினார். "மறுபடி எழுதுவீங்கன்னா, யாராச்சும் வந்து தங்குற மாதிரி எழுதுங்க."

5

இருபது நாளாக முயற்சி செய்கிறேன். முதலில் ஒரு கிழவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினேன். அவர் இளமையை நினைத்துக் கடலைப் பார்த்து அழுதார். அடித்தேன். காதலில் தோற்ற ஒருத்தியை இறக்கினேன். அவளும் அழுதாள். அறைக்குள் போனதும் வெந்நீர் வருமா, துண்டு எங்கே காயப்போடுவது என்று கேட்கிற ஒரு சாதாரண மனிதரை இறக்க எனக்குக் கை வரவில்லை. இறங்கியவுடன் என் ஆட்கள் துக்கம் கொண்டாடத் தொடங்கிவிடுகிறார்கள்.

என்னால் ஆகாது. உங்களிடம் விடுகிறேன். பாலத்திலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம், கையில் பையிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. அக்கா பத்து அறைக்கும் விரிப்பு மாற்றி வைத்திருக்கிறார். முதல் வரி வரைக்கும் நான் எழுதித் தருகிறேன்.

பாலத்தில் பஸ் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நீங்கள்