சி-1 தேர்வுக்குரிய சாமான்கள்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று எவரும் கூறியதில்லை, நானும் எண்ணியதில்லை. ஆயினும் துணிந்துவிட்டேன். வாசகப் பெருமக்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்தருள வேண்டும். அயல்மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகையில் நேரும் பிழைகளுக்கும் சேர்த்தே மன்னிப்புக் கோருகிறேன்.

ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளின் சி-1 தேர்வுக்குரிய சொற்கள் தலையில் தங்குவதில்லை. அவற்றைச் சீட்டில் எழுதி வீட்டுச் சாமான்களின்மீது ஒட்ட வேண்டும். நாற்காலி, உப்பு, குடை போன்ற சொற்கள் கீழ்நிலைத் தேர்வுகளிலேயே தீர்ந்துவிடுகின்றன. மேல்நிலையில் எஞ்சுபவை தயக்கம், ஒத்திவைப்பு, முன்நிபந்தனை முதலியவை. இவற்றுக்கெனத் தனியே சாமான் கிடையாது. ஆகவே கைக்கு எட்டியதில் ஒட்டுகிறார்கள். ஒட்டிய மறுநாள் சாமான் அந்தச் சொல்லாகவே நடந்துகொள்ளும். தேர்வு நாளில் சாமான்களைக் கூடத்துக்கு எடுத்துச் சென்று, ஒவ்வொன்றையும் தொட்டு, அதன் சொல்லைக் கூற வேண்டும். இதுவே நடைமுறை.

கோயம்புத்தூர் வடவள்ளியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குமரகுருவும் பூர்ணகலாவும் இவ்வாறே படித்துவந்தனர். குமரகுரு பம்புசெட்டு வடிவமைப்பவர். அவருக்கு ஜெர்மன், மஞ்சள் சீட்டு. அவர் மனைவி பூர்ணகலா துணிச் சாயங்களைச் சோதிப்பவர். அவருக்குப் பிரெஞ்சு; நீலச் சீட்டு. யார் முதலில் தேறி வெளியே வருகிறாரோ அவருடைய நாட்டுக்கு இருவரும் போவது என்று பேசிவைத்திருந்தனர். தேர்வு இருவருக்கும் ஒரே நாளில்.

மிக்சியில் குமரகுரு ‘ட்ஸோகர்ன்’ என்று ஒட்டினார். தயக்கம். மறுநாள்முதல் சட்னி அரைக்கும் முன் மிக்சி நெடுநேரம் யோசித்தது. குக்கரில் ‘அவுஃப்ஷூப்’ என்று ஒட்டினார். ஒத்திவைப்பு. திங்கட்கிழமை அடுப்பில் வைத்த குக்கர் புதன்கிழமை விசிலடித்தது. வாசற்கதவில் முன்நிபந்தனையை ஒட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு மட்டுமே கதவு திறந்தது.

கீழ்வீட்டுத் தங்கநாயகி அம்மாள் இருமுறை திரும்பிப் போய், மூன்றாம் முறை ஏப்பம் விட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

“ஏனுங் தம்பி, உங்கூட்டுக்கு வரோணும்னா சோறுண்டுட்டுத்தான் வரோணுமா? ஊட்டுக்கு வார ஒறம்பரைக்கு வெக்கற மொறையா இது?”

“தேர்வு முடியட்டும்ங்க. கழட்டிர்றேன்.”

“அதுக்குள்ள நானு குண்டாயிருவனுங்.”

இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தது. பிறகுதான் குமரகுருவுக்கு ஐயம் தோன்றியது.

பூர்ணகலா காலையில் சமையலறையில் நின்று சொற்களை ஒப்பித்தார். அவை நீலச் சீட்டுகளைவிட மிகுதியாயிருந்தன. வீட்டில் நீலச் சீட்டு இருந்தது துணிப்பெட்டி, சல்லடை, இரண்டு மூன்று தட்டுமுட்டுச் சாமான்களில் மட்டுமே. மற்ற சொற்களை எங்கே ஒட்டுகிறார்?

குமரகுரு கட்டிலுக்கு அடியில் தேடினார். பரணில் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காததே அவருக்கு ஆதாரமாயிற்று.

மேலும் ஒன்றைக் கவனித்தார். பூர்ணகலா காப்பி கொடுக்கும்போதெல்லாம் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மணமான புதிதில்கூட அவ்வளவு தட்டியதில்லை.

மாடிப்படியில் தங்கநாயகி அம்மாள்தான் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, முதுகுல என்னமோ நீலமா ஒட்டீருக்குதுங்.”

“சட்டையிலீங்களா?”

அம்மாள் அவருடைய காலரை விலக்கிப் பார்த்தார். “தோல்லீங். நல்லாத்தான் ஒட்டீருக்குதுங் புள்ள.”

அது இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே, கை எட்டாத இடத்தில் இருந்தது. குமரகுரு கண்ணாடியில் பார்த்து அச்சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிரெஞ்சு அகராதியைத் திறந்தார். ஜெர்மன் படிப்பவர்களுக்கு அது வெற்றுத் தாளாகவே தெரியும். அப்படியே தெரிந்தது.

எனவே அவர் தம்மையே கண்காணித்தார். அன்று பீர்க்கங்காய் நறுக்கினார். இது எந்தச் சொல்? மாலையில் காரணமின்றிப் பால்கனியில் நின்றார். இது எந்தச் சொல்? தொலைபேசியில் தம் அண்ணனிடம் மூன்று முறை “பரவாயில்லை” என்றார். இது நல்லதாகப் படவில்லை.

உணவு மேசையில் நேராகவே கேட்டார்.

“ஏனம்மிணி, எம்முதுகுல என்ன ஒட்டீருக்கற?”

“பாடத்துல வர்ற சொல்லுதானுங்.”

“அதா, எந்தச் சொல்லுங்கறன்?”

“தெரிஞ்சா அதாட்டமே நடிப்பீங்க. நடிச்சா எனக்கு மனசுல நிக்காதுங்.”

“நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?”

“சி-1ல அப்புடியெல்லாம் பிரிக்கறதில்லீங். ரசம் ஊத்தட்டுங்களா?”

குமரகுரு ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு உண்டார்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இவள் என்னை ஏமாளி என்று எழுதியிருக்கிறாள். அல்லது விட்டுச்செல்லத் தக்கவன் என்று எழுதியிருக்கிறாள். இரண்டுக்கும் பிரெஞ்சில் சொல் இருக்கும். இவள் தேறினால் ஊர் பேர் தெரியாத இடத்தில் வாய் திறக்காமல் நான் நிற்க வேண்டும். எனவே இவள் தேறக் கூடாது.

தேர்வு நாளன்று பூர்ணகலா குளிக்கப் போனதும், நீலச் சீட்டு ஒட்டிய சாமான்கள் அனைத்தையும் கீழ்வீட்டில் கொண்டுபோய் வைத்தார். துணிப்பெட்டி படியிறங்கும்போது அவரைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. அது என்ன சொல் என்று அவர் கேட்கவில்லை.

“எதுக்குங் தம்பி?” என்றார் தங்கநாயகி அம்மாள்.

“வெள்ளையடிக்கறமுங்க.”

“பரீட்சையன்னிக்கா?” என்று கேட்டு, அவரை மேலும் கீழும் பார்த்து, சாமான்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

தேர்வுக் கூடம் மூன்றாம் மாடி நடைபாதையின் கோடியில் இருந்தது. நடைபாதை அன்று நீண்டிருந்தது. குமரகுரு மிக்சியையும் குக்கரையும் சுமந்து, கழற்றிய வாசற்கதவை இழுத்துக்கொண்டு நடந்தார். வழியில் பல வீடுகள் வந்தன. அவற்றில் சிலவற்றில் ஏற்கெனவே ஜெர்மனியில் குடியேறியவர்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தனர். பூர்ணகலா வெறுங்கையோடு பின்னால் வந்தார். சாமான்கள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே குமரகுருவை உறுத்தியது.

ஜெர்மன் கூடத்தின் தேர்வாளர் மிகவும் மரியாதையான மனிதர். மிக்சியை வணங்கினார். குக்கரை வணங்கினார். பிறகு குமரகுருவைச் சுற்றிவந்து முதுகைப் பார்த்தார். அவர் ஜெர்மன் மொழியில் நெடுநேரம் கூறியது தமிழில் இவ்வளவே:

“சாமான்கள் தேர்வு எழுத அனுமதியில்லை.”

“நானு ஆளுங்க,” என்றார் குமரகுரு. பதற்றத்தில் ஜெர்மன் வரவில்லை.

“இருக்கலாம். ஆனால் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது.”

இருவர் வந்து அவரைத் தூக்கிப் பக்கத்துப் பிரெஞ்சுக் கூடத்தில் இறக்கிவைத்தனர். சுவர் ஓரமாக வைத்தனர். சாயாமலிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டனர்.

அங்கிருந்த தேர்வாளரம்மாள் பூர்ணகலாவிடம் கேட்டார்: “உங்கள் சாமான்கள்?”

“ஒண்ணுதானுங்க.”

பூர்ணகலா குமரகுருவுக்குப் பின்னால் வந்து நின்று, முதுகில் உள்ளங்கையை வைத்தார். முதல் சொல்லைச் சொன்னார். மேலிருந்த சீட்டைப் புரட்டினார். அதன் அடியில் இன்னொன்று இருந்தது. அதன் அடியிலும் இருந்தது. புரட்டப் புரட்டத் தலையணை கனத்துக்கு வந்தது.

அப்போதுதான் குமரகுருவுக்கு விளங்கியது. மேல்நிலைச் சொற்கள் அனைத்தையும் பூர்ணகலா அவர்மீதே ஒட்டியிருந்தார். கீழ்வீட்டில் வைத்த சாமான்களில் இருந்தவை பழைய தேர்வின் சொற்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் அதுவாக ஆனார். ஒன்றுக்கு உடல் சில்லிட்டது. ஒன்றுக்குக் காது மடல் சிவந்தது. ஒன்று சொல்லப்பட்டபோது மதிய உணவுக்கு யாரோ அழைத்ததுபோல் இருந்தது. அடுத்ததற்கு, அழைத்தவர் வீட்டில் இல்லாததுபோல் இருந்தது. கடைசிச் சொல் மூக்கொலியில் முடிந்தது. அதற்கு அவர் என்ன ஆனார் என்று அவருக்கே தெரியவில்லை. தேர்வாளரம்மாள் மட்டும் கைக்குட்டையை எடுத்தார்.

“தேறிவிட்டீர்கள்.”

“இவிங்களக் கூட்டீட்டுப் போலாங்களா?” என்றார் பூர்ணகலா.

“சாமான்கள் கூடத்துக்குச் சொந்தம். சீட்டுகளை உரித்துவிட்டால் அழைத்துப் போகலாம். ஆனால் உரித்த சொற்கள் மறந்துபோகும். தேர்ச்சியும் செல்லாது.”

கூடத்தில் மின்விசிறி சுழன்றது.

“உரிச்சுரு அம்மிணி,” என்றார் குமரகுரு. “அடுத்த வாட்டி எழுதிக்கலாம்.”

“துணிப்பொட்டி எங்கீங்?” என்றார் பூர்ணகலா.



பூர்ணகலாவின் விரல் சீட்டுகளின் ஓரத்துக்கு வந்தது. நகம் அடியில் நுழைவதைக் குமரகுரு உணர்ந்தார். சிறிது தூக்கியது. அங்கேயே நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விட்டால் அதற்கும் ஒரு சொல் இருக்கக்கூடும்.

பிறகு அந்த விரல் ஓரத்தைக் கீழே படியவைத்து, நன்றாக அழுத்தி, இருபுறமும் தடவிக்கொடுத்தது.

“காத்து அடிக்குதுங்களா?” என்று கேட்டு, சன்னலைச் சாத்திவிட்டு, பூர்ணகலா வெளியே சென்றார்.

இவ்வகையில் இழந்தவை வருமாறு: மிக்சி ஒன்று. குக்கர் ஒன்று, விசிலுடன். வாசற்கதவு ஒன்று. ஜெர்மனி. கணவர் ஒருவர், நல்ல நிலையில்.