நாலு மணிக்கு நடக்கும் வேலி

மணி நாலானால் வேலி சத்தம் போட்டது. ஏன் என்றுதான் இசபெலுக்குப் பிடிபடவில்லை.

அது 1952-ஆம் ஆண்டு, மலாயாவில் அவசரகாலம். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வடக்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி அடித்திருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உள்ளேயிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்பதற்காக. கம்பியில் பத்தடிக்கு ஒரு காலிப் பால் டின் தொங்கும். டின்னுக்குள் இரண்டு கூழாங்கல். யாராவது கம்பியைத் தொட்டால் டின் குலுங்கும், காவல் கொட்டகையிலிருந்து போலீஸ் ஓடிவரும். எளிமையான ஏற்பாடு. அந்த வருடம் மாசி மாதம் வரை தப்பாமல் வேலை செய்தது.

மாசி பிறந்ததிலிருந்து கிழக்கு வேலியில், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டுக்குப் பின்னால், நாலு மணிக்கு முதல் டின் குலுங்கும். சற்றுப் பொறுத்து அடுத்த டின். அப்புறம் அதற்கடுத்தது. தெற்கிலிருந்து வடக்காக, யாரோ கம்பியைத் தடவிக்கொண்டே ஆற அமர நடந்து போவதைப் போல. போலீஸ் ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பியைத் தொடும் ஆள் யாரும் இருக்காது. காற்றும் இருக்காது. ஒருநாள் பயந்துபோன காவலர் ஒருவர் வெறும் வேலியைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். அடுத்த டின் தன்பாட்டுக்குக் குலுங்கியது.

கித்தா மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இலை கொட்டும் காலம் அது. வருடம் முழுவதும் இருட்டிக் கிடக்கும் தோட்டம் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் மொட்டையாகிவிடும். இரும்புத் துரு நிறத்தில் இலைகள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். வெயில் நேரே தரையில் இறங்கும். அந்த வெளிச்சத்தில், ஆளில்லாத வேலி நடப்பதைப் பட்டப்பகலில் எல்லோரும் பார்த்தார்கள்.

"இசபெலு, உன் தங்கச்சிதான் நடக்குது. பேசாம ஒரு தேங்காய ஒடச்சு விடு" என்றாள் பக்கத்து வீட்டுக் காளியம்மா.

"நாங்க வேதக்காரங்க அக்கா."

"அது செத்ததுக்குத் தெரியுமா? ஒரு மெழுவத்தி, ஒரு தேங்கா. ரெண்டையும் வெச்சுரு லா, எதுக்கு வம்பு!"

தங்கை மாடில்டா போன தவக்காலத்தில் அதே இடத்தில் செத்துப்போனாள். ஊரடங்கு நேரத்தில் தப்பிய ஆட்டைப் பிடிக்க வேலியோரம் போனவளை, கள்ளத்தனமாக அரிசி கடத்துகிறவள் என்று நினைத்துக் காவலர்கள் சுட்டுவிட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமைக்குத் தோட்டத்துக் கோயிலில் ஏசு பட்ட பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவது வழக்கம். பாட்டெல்லாம் இசபெல் கட்டுவாள். மாதாவின் புலம்பலை மாடில்டா பாடுவாள். அக்காவின் வரி தங்கையின் வாயிலிருந்து வந்தால் ஆண்களும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவள் போனபின் இசபெலுக்கு ஒரு வரிகூட வரவில்லை. நோட்டைத் திறந்தால் பென்சில் நகராது. ஒரு வருடம் அப்படியே போயிற்று.

டின் குலுங்கிய முதல் நாள், புருஷனுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் புகைவீட்டுக்கு வந்திருந்தவளுக்கு, நின்ற இடத்திலேயே இரண்டு வரி வந்தது.

"சின்னக் காலு நடந்த தடம்,
ஈரம் இன்னும் காயலையே..."

யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு நோட்டோடு வேலியோரம் போய் உட்கார்ந்தாள். டின் குலுங்கும், வரி வரும். எழுந்து வர மனம் வராது. மாடில்டாதான் சொல்லித் தருகிறாள் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் சார்ஜன் அப்துல் மஜீது வீட்டுக்கு வந்தார். கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, தமிழ் பேசுபவர். இசபெலின் புருஷன் அந்தோணிதாஸ் புகைவீட்டில் விறகு போடும் வேலையில் இருந்தான்.

"கண் முன்னால நோட்டோட உக்காந்திருக்கிற உங்க வீட்டம்மாவை விட்டா, நாலு மணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரே ஆளு நீங்கதான், அந்தோணி."

"நான் வெறகு போடுறேன் சார்ஜன். அந்தப் பொகைக்கு பேய்கூட கிட்ட வராது."

சார்ஜன் சிரிக்கவில்லை. "சனிக்கெழம மேலதிகாரி வர்றாரு. அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா உங்க பேரைத்தான் நான் எழுதிக் குடுக்கணும். தடுப்பு முகாமுக்குப் போனா எப்ப திரும்பி வருவீங்கன்னு எனக்கே தெரியாது."

இசபெல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நடப்பது மாடில்டா என்றால் சார்ஜன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த ஆள் இல்லை. வேறு ஏதாவது என்றால் கண்டுபிடிக்கலாம், புருஷன் தப்பிப்பான்; ஆனால் பாட்டு நின்றுபோகும். பாட்டு போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

புதன்கிழமை மத்தியானமே வேலியோரம் போய்விட்டாள். ஒன்றரை மணி இருக்கும், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒற்றை மேகம் ஒன்று சூரியனை மறைத்தது. அதன் நிழல் சருகுகளின் மேல் ஊர்ந்து வேலியைத் தொட்டது. தொட்ட இடத்தில் டின் குலுங்கியது! நிழல் நகர நகர, அதற்குப் பின்னாலேயே ஒவ்வொரு டின்னாகக் குலுங்கிக்கொண்டே போயிற்று. நேரம் தப்பி வந்த அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே இசபெலும் நடந்தாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மூட்டம். நாலு மணி ஆயிற்று, டின் அசையவில்லை. ஐந்து ஆயிற்று. அந்தோணிதாஸ் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இன்னிக்கு லீவா உன் தங்கச்சிக்கு?"

"பேசாதீங்க" என்றாள். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நாலு வரி வந்திருந்தது, ஐந்தாவதும் வந்துகொண்டிருந்தது. டின் குலுங்கிய நாட்களில் வந்ததைவிட நன்றாகவே வந்தது. இத்தனை நாள் வராத பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. யாரும் நடக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?

தலையை நிமிர்த்தினாள். மொட்டைக் கிளைகளின் நுனியில் செம்பு நிறத்தில் கொழுந்துகள் தொங்கின. ஒரு மாதமாக மழையே இல்லை. ஆனாலும் கொழுந்து விட்டிருந்தது. பத்து வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவளுக்கு அதன் காரணம் தெரியும். இலை இருந்த காலத்தில் சேர்த்து வைத்ததை எல்லாம் மரம் தண்டிலும் வேரிலும் வைத்திருக்கும்; அதை எடுத்துத்தான் கொழுந்து விடும். அந்த வாரங்களில் வாளியில் பால் குறைவதும் அதனால்தான். மொட்டையாக நிற்கும் மரத்தைப் பட்டுப்போனது என்று புது ஆட்கள்தான் நினைப்பார்கள். தானும் ஒரு வருடமாகப் புது ஆளைப் போலத்தான் இருந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நோட்டை மூடினாள். பாட்டு போகாது. இனி வேலியை மட்டும் பார்த்தால் போதும்.

வெள்ளிக்கிழமை மறுபடி நல்ல வெயில். இசபெல் கம்பியை விரலால் தொட்டாள். சுட்டது. கம்பத்தில் கம்பியைப் பிடித்திருந்த வளைந்த ஆணியைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கம்பியின் முள் முடிச்சு ஆணியில் போய் இடித்துக்கொண்டு நின்றது. அடுத்த கம்பத்திலும் அப்படியே. அங்கே துருவைச் சுரண்டிய புதுக் கீறல் பளபளத்தது. சும்மா நிற்கும் கம்பி எப்படித் தேயும்?

இரண்டு மணிக்குச் சார்ஜனை அழைத்துவந்தாள். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியும் வந்தார். காளியம்மாவை யாரும் கூப்பிடவில்லை, முதல் ஆளாக வந்து நின்றாள். இசபெல் பால் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"என்னாடி இது, பேயக் குளிப்பாட்டப் போறியா?"

"ஆமா அக்கா. சோப்பு கொண்டாந்தீங்களா?"

கொட்டாங்கச்சியில் தண்ணீரை மொண்டு தெற்கு ஓரத்துக் கம்பியில் ஊற்றினாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டின் குலுங்கியது. அவள் ஊற்றிக்கொண்டே வடக்கே நடந்தாள். டின்களும் ஒவ்வொன்றாகக் குலுங்கிக்கொண்டு கூடவே வந்தன. காரணம் தெரிந்திருந்தும், செத்தவள் பக்கத்தில் நடப்பதைப் போலவே அவளுக்கு இருந்தது. நல்லசாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். சார்ஜன் வாய்க்குள் ஏதோ ஓதினார்.

"சொல்லுங்க. எப்படி?" என்றார் கடைசியில்.

"சூட்டுல கம்பி நீளுது சார்ஜன். நூறு கெஜத்துக்கு ஒரு வெரல் அகலம் நீளும்னு வெச்சுக்குங்க. குளுந்தா திரும்பிச் சுருங்குது. சுருங்கறப்ப இந்த முள்ளு ஆணியில மாட்டிக்குது. இழுத்து இழுத்துப் பாத்து, திடீர்னு துள்ளி வெளிய வருது. அந்தத் துள்ளல்லதான் டின்னு ஆடுது."

"அது ஏன் நாலு மணிக்கு?"

"நாலு மணிக்குத்தான் பொகைவீட்டு நெழல் இங்க விழுது. வேலி கோணலாப் போகுதுல்ல, அதனால தெக்கால மொதல்ல விழுந்து வடக்கே நவுருது. மரத்துல எல இருக்கிற காலத்துல கம்பி நாள் பூரா நெழல்ல கெடக்கும், சூடே ஏறாது. மத்த வேலியெல்லாம் தொய்வா இருக்கு. இதை மட்டும் போன வருசம் எல தழைச்ச பெறகு பட்டாளத்துக்காரங்க விறைப்பா இழுத்துக் கட்டிட்டாங்க."

சார்ஜன் கொட்டாங்கச்சியை வாங்கி, வேறொரு இடத்தில் தானே ஊற்றிப் பார்த்தார். டின் குலுங்கியது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அந்தோணிதாஸின் பெயர் எழுதியிருந்த தாள். அதை நாலாகக் கிழித்துப் போட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் கிழக்கு வேலியின் வளைந்த ஆணிகளை எல்லாம் பிடுங்கினார்கள். நாலு விரல் அகலத்தில் பிரம்பு வளையங்களைக் கம்பங்களில் கட்டி, கம்பியை அவற்றுக்குள் தொங்கவிட்டார்கள். அதன்பின் சூட்டில் கம்பி நீண்டது, நிழலில் சுருங்கியது, முள் எதிலும் மாட்டவில்லை. கை பட்டால் மட்டுமே டின் குலுங்கியது.